ஊருக்குப் போன கையோடு பல்லையும் வெள்ளையாக்க நினைப்பவர்களுக்கு

கல்யாணம், திருவிழா என்று இலங்கை மலையகம் போகிற நம்மவர்கள் பலரும் அங்கேயே பல்லையும் வெள்ளையாக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். லண்டனில் கேட்கிற காசைப் பார்த்தால் அந்தக் கணக்கில் தப்பில்லை. நாள் கணக்கில்தான் கோட்டை விடுகிறோம்.

நானும் விட்டேன். சித்தி மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், கண்டியில் ஒரு கிளினிக்கில் பல்லை வெளுக்கவைத்துக்கொண்டு ராத்திரியே நுவரெலியா ஏறினேன். விடியற்காலை வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்து சில்லென்ற தண்ணீரை ஒரு மடக்கு வாயில் விட்டதும் பல் கூசிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெளுக்கப் போடும் பெராக்சைடு மருந்து, பல்லின் மேலோடான எனாமலைத் தாண்டி உள்ளே போய்த்தான் நிறத்தை உடைக்கிறது. அது பல் நரம்பையும் சீண்டிவிடும். சில நாளில் தானாக அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் அன்று முழுக்கப் பந்தலில் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன். புதிதாக வெளுத்த பல்லில் சாயம் சட்டென்று ஏறும் என்று மஞ்சள் போட்ட பருப்பையும் தள்ளிவைத்தேன். பால்சோறும் தேங்காய்ப்பூவும்தான் சாப்பாடு.

எனவே இறங்கிய முதல் இரண்டு மூன்று நாளுக்குள் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். முதலில் கறை பல்லின் மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். தேத்தண்ணி, வெற்றிலை, சிகரெட் கறை பெரும்பாலும் மேலேதான் படியும். காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங், மெருகேற்றும் பாலிஷ் என்று ஒரே தடவை உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். (பிளேன்டீயை விடப் பால் தேத்தண்ணி கறை குறைவு, பாலில் உள்ள புரதம் தேயிலையில் கறையை உண்டாக்கும் டானினைப் பிடித்துக்கொள்கிறது.)

உள்ளிருந்து வரும் நிறம் வேறு கதை. சின்ன வயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் சாம்பல் பட்டைகள் விழுந்திருக்கும். வெளுக்க மாதக்கணக்கில் ஆகலாம், லீவுக்குள் அடங்காது. 1977, 1983 இனக் கலவரங்களுக்குப் பின் வடக்கே வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய நம் குடும்பங்களில், அங்கே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் பார்த்திருப்பீர்கள். அது அந்தத் தண்ணீரில் மிகுந்திருக்கும் புளோரைடு செய்த வேலை. அதற்கு மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் முறையோ, திட்டுக்குள் ரெசின் என்னும் பிசினை ஊறவைக்கும் முறையோ உண்டு. விழுந்து அடிபட்டு ஒற்றைப் பல் கறுத்திருந்தால், நரம்பு சிகிச்சை செய்து அந்தப் பல்லை உள்ளிருந்து வெளுக்க வேண்டும்; நாலைந்து தடவை போய் வர வேண்டியிருக்கும்.

பழைய பில்லிங்கும் உறைப்பல்லும் எந்த மருந்துக்கும் வெளுக்காது. பக்கத்துப் பல் வெளுத்தபின் அவை மட்டும் பழுப்பாகத் தெரியும். புது நிறத்துக்கு ஏற்ற பில்லிங் வைக்கச் சுமார் 2 வாரம் பொறுக்க வேண்டும். அதற்கு முன் ஒட்டினால் சரியாகப் பிடிக்காது. ஆகவே 3 வார லீவு என்றால் முதல் வாரம் வெளுப்பு, கடைசி வாரம் பில்லிங்.

வெனீருக்கு, அதாவது பல்லின் மேல் ஒட்டும் பீங்கான் ஓட்டுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். அதை ஒட்ட, பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது. விமானம் ஏறியபின் ஒரு ஓடு கழன்றால் யாரிடம் போவது? இரண்டு வாரப் பயணத்தில் நானாக இருந்தால் கை வைக்க விடமாட்டேன்.

ஹட்டன், கண்டி, பதுளை டவுன்களில் தனியார் கிளினிக் இருக்கிறது. டாக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். முன்கூட்டியே சனல் பண்ணும்போது (டாக்டரிடம் நேரம் பதியும்போது) பௌர்ணமி விடுமுறையான போயா தினம் குறுக்கே வருகிறதா என்றும் பாருங்கள். நல்ல டாக்டர் என்றால் நிறம் பார்க்க ஜன்னல் பக்கம் கூப்பிடுவார். என்னைப் பார்த்த டாக்டர் அம்மா, லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்லி, வரிசையாகக் கோத்த போலிப் பற்களை என் பல்லோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, முன்னும் பின்னும் படம் எடுத்துவைத்தார். அந்தப் படத்தையும், போட்ட மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். வேறு பல நாடுகளில் கிளினிக்கில் போடுவது அதைவிடப் பல மடங்கு காரமாக இருக்கலாம்.

அப்புறம், நீங்கள் போகும்போது வெற்றிலை போடும் அம்மாயியையோ மாமாவையோ கூடவே கூட்டிப் போங்கள். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் முழுதாகத் திறக்க முடியாமை இருந்தால் காட்டியே ஆக வேண்டும். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்தே பார்க்கலாம்: அவர்களுடைய மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் விடச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி போகும் பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகும்.