சைக்கிள் சீட்டில் மரத்துப்போகிறதா?
சைக்கிள் ஓட்டும்போது பிறப்புறுப்புப் பக்கம் மரத்துப்போனால், போகப்போகப் பழகிவிடும் என்று தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். அங்குள்ள நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்துவதால் வருவது அது. ரொம்ப மெத்தென்ற சீட் வாங்கினால் தீராது. எலும்பு அதில் அமிழ்ந்து, மென்மையான பகுதியில்தான் அழுத்தம் கூடும். எடையைத் தாங்க வேண்டியவை புட்டத்துக்கு அடியிலுள்ள இரண்டு எலும்புகள். பெண்களுக்கு அவற்றின் இடைவெளி பொதுவாக அதிகம் என்பதால், பின்பக்கம் அகலமான, நடுவில் பள்ளமுள்ள சீட் பலருக்கும் ஒத்துவரும்.

அப்புறம், சீட்டின் முன்முனையை 1 அல்லது 2 டிகிரி மட்டும் கீழே சாய்த்துப் பாருங்கள். அதிகம் சாய்த்தால் முன்னால் வழுக்கிக் கை வலிக்கும். மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். மெத்தை (பேட்) வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டால் அதற்குள் உள்ளாடை வேண்டாம், தையல் உரசும். அவ்வப்போது பெடலில் எழுந்து நின்று ஓட்டுங்கள். இறங்கிய பிறகும் மரத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.