வீடியோ கால் உறையாமல் இருக்க ரவுட்டரில் க்யூஓஎஸ் அமைப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு ஆச்சி வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து யாராவது கல்யாண வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்குவார்கள். பேரன் முகம் அப்படியே உறைந்துவிடும். பெரிய ஃபைல் வரிசையை அடைத்துக்கொள்ள, பேச்சைச் சுமக்கும் சின்னப் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) பின்னால் காத்துக்கிடப்பதுதான் காரணம். இன்னும் பெரிய பிளானுக்கு மாறும்முன் ரவுட்டரின் க்யூஓஎஸ் வசதியை, அதாவது எந்தக் கருவியை முதலில் விடுவது என்று தீர்மானிக்கும் அமைப்பை, முயன்று பாருங்கள்.

அதற்கும் முன் ஒரு சோதனை. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரவுட்டர் அருகிலேயே நின்று பேசுங்கள். அங்கே நன்றாக இருந்து, இரண்டாம் கட்டுக்குப் போனதும் திக்கினால் குற்றவாளி சுவர். முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு வளவைத் தாண்டி அடுப்படி வரை வைஃபை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் கனத்த செங்கல் சுவர்கள் விடாது. லேன் கேபிள் இழுத்து உள்ளே ஒரு அக்சஸ் பாயின்ட் (அங்கேயே வைஃபை தரும் துணைக் கருவி) வைப்பதுதான் வழி. க்யூஓஎஸ் அதற்கு உதவாது.

படி 1: வேகத்தை அளந்து பாருங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, இரவு 8 முதல் 10 மணிக்குள் மூன்று முறை ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். பிளானில் எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். வந்ததில் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டவுன்லோட் 40, அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டி உள்ளே போங்கள். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அட்வான்ஸ்டு மெனுவில் க்யூஓஎஸ் இருக்கும்.

படி 3: பேண்ட்வித் கட்டத்தில் அளந்த வேகத்தை முழுசாகப் போடாதீர்கள். டவுன்லோடுக்கு 90 சதவீதம், அப்லோடுக்கு 85 சதவீதம்: அதாவது 36, 17. வேலையின் உயிரே இந்தக் குறைப்புதான். முழு வேகத்தையும் கொடுத்தால் நெரிசல் உங்கள் ரவுட்டரில் ஏற்படாது, அதற்கு வெளியே கம்பெனிக்காரர் கருவியில் ஏற்படும். அங்கே யாரை முதலில் விடுவது என்பது உங்கள் கையில் இல்லை. கொஞ்சம் குறைத்தால் வரிசை உங்கள் வீட்டு ரவுட்டரிலேயே நிற்கும். ஆச்சியின் வீடியோ காலை முன்னே விடலாம்.

யூனிட்டைப் பாருங்கள். சில ரவுட்டர்கள் கேபிபிஎஸ் (எம்பிபிஎஸ்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கேட்கும். அங்கே 36000, 17000. வெறும் 36 என்று போட்டால் வீடு முழுக்க இன்டர்நெட் படுத்துவிடும்.

படி 4: டிவைஸ் பட்டியலில் வீடியோ கால் பேசும் ஒன்றிரண்டு கருவிகளுக்கு மட்டும் ஹை பிரையாரிட்டி கொடுங்கள். எல்லாருக்கும் முதல் பந்தி என்றால் முதல் பந்திக்கே அர்த்தமில்லை. போனில் அந்த வைஃபைக்கு ரேண்டம் மேக் அட்ரஸை (கருவியின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். அட்ரஸ் மாறினால் ரவுட்டர் அதைப் புதுக் கருவியாக எண்ணும், முன்னுரிமை போய்விடும்.

படி 5: ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, லேப்டாப்பில் 8.8.8.8-க்கு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) ஓடவிட்டபடி, போனிலிருந்து ஒரு பெரிய ஃபைலை அப்லோட் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது 20 மில்லி செகண்ட் காட்டியது 300-க்குத் தாவினால் அப்லோட் எண்ணை இன்னும் 5 சதவீதம் குறைத்து மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு முறை செய்தால் பிடிபட்டுவிடும்.

எண்ணை எவ்வளவு மாற்றியும் பலனே இல்லையா? உங்கள் ரவுட்டர் தனியாக இருந்தால், ஃபைபர்காரர் வைத்த பெட்டியின் வைஃபையும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் இணைந்த டிவி உங்கள் ரவுட்டர் பக்கமே வராது. அந்த வைஃபையை அணையுங்கள். அது இல்லையென்றால் ஹார்டுவேர் நாட் அல்லது நாட் பூஸ்ட் என்ற, பாக்கெட்டுகளை வேகமாகக் கடத்தும் வசதி ஆன் ஆகியிருக்கும். சில மாடல்களில் அது க்யூஓஎஸ்ஸைத் தாண்டிப் பாக்கெட்டுகளை அனுப்பிவிடும். அணைத்துவிட்டுப் படி 5-ஐத் திரும்பச் செய்யுங்கள்.