அட்டை இல்லாமல் வந்தவரை என்ன செய்வது? அமெரிக்க வாக்காளர் அடையாளச் சட்டம் பற்றி விவாதம் நடத்தும் முறை

அமெரிக்காவில் வாக்காளர் அடையாளச் சட்டம் பற்றிப் பேச்சை எடுத்தால் பத்து நிமிடத்தில் சண்டையாகிவிடும். குடியரசுக் கட்சிக்காரர் கள்ள ஓட்டு என்பார், ஜனநாயகக் கட்சிக்காரர் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிக்கும் வேலை என்பார். அட்டை வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே நேரம் போய்விடும். மாநிலச் சட்டங்களை அருகருகே வைத்துப் படித்தால் உண்மையான வேறுபாடு வேறோர் இடத்தில் தெரியும்: அட்டை இல்லாமல் சாவடிக்கு வந்தவரை என்ன செய்வது என்ற ஒரே ஒரு பிரிவு. விவாதத்தை அந்தப் பிரிவுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் இரு தரப்புக்கும் பேச விஷயம் இருக்கும், சமரசத்துக்கும் இடம் இருக்கும். கல்லூரியிலோ நூலகத்திலோ குடிமக்கள் குழுவிலோ இப்படியொரு விவாதத்தை நடத்துகிறவர்களுக்கும் அதில் பேசப் போகிறவர்களுக்கும் இந்த வழிமுறை.

தலைப்பை முதலில் வெட்டிச் சுருக்குங்கள்

"வாக்காளர் அடையாளம் தேவையா?" என்று தலைப்பு வைத்தால் விவாதம் தொடங்கும்போதே தோற்றுவிடும். அந்தக் கேள்விக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கும்போது குடியுரிமைச் சான்று காட்டுவது. 2025 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 220-208 என்று நிறைவேறிய சேவ் மசோதா இந்த வகை. இரண்டு, சாவடியில் புகைப்பட அடையாளம் காட்டுவது. 2005இல் இந்தியானா கொண்டுவந்து, 2008இல் கிராஃபர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று ஏற்றுக்கொண்ட சட்டம் இந்த வகை. மூன்று, தபால் ஓட்டில் அடையாளம். ஜார்ஜியா 2021இல் கையெழுத்து ஒப்பீட்டை எடுத்துவிட்டு ஓட்டுநர் உரிம எண்ணைக் கேட்கத் தொடங்கியது இதில் சேரும்.

மூன்றையும் கலந்தால் என்ன ஆகும்? சாவடி அட்டையை ஆதரிப்பவர் குடியுரிமைப் புள்ளிவிவரத்தை எடுத்து வீசுவார். எதிர்ப்பவர் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காத கதையைச் சொல்வார். இருவரும் வெவ்வேறு சட்டத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். ரியல் ஐடி, அதாவது மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ப மாநிலங்கள் கொடுக்கும் அடையாள அட்டை விஷயத்தில் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருக்கும், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிக்கும் ரியல் ஐடி கிடைக்கும். ஆகவே அது ஆளை உறுதிப்படுத்துமே தவிர, குடியுரிமையை உறுதிப்படுத்தாது.

நன்றாக ஓடும் தலைப்பு ஒன்று: "இந்த மாநிலத்தில் நேரில் ஓட்டுப் போட வருபவர் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். இல்லாதவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, மற்றவர்களைப் போலவே ஓட்டுப் போடலாம்." இதை இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்க்கலாம். கடுமையான சட்டம் வேண்டும் என்பவர் இரண்டாம் வரியை அடிப்பார், சட்டமே வேண்டாம் என்பவர் முதல் வரியை அடிப்பார். அந்த மோதலே நமக்கு வேண்டும்.

முதல் 15 நிமிடம்: தனக்குப் பாதகமான உண்மையை வாசிப்பது

ஒவ்வொரு தரப்பும் தன் வாதத்துக்கு இடைஞ்சலான மூன்று உண்மைகளைத் தானே எழுந்து வாசிக்க வேண்டும். எதிராளி சொல்லி ஒப்புக்கொள்வதைவிட இது எளிது. பிறகு அவற்றை மறுத்து நேரத்தை வீணாக்கவும் முடியாது.

சட்டத்தை ஆதரிப்பவர் வாசிக்க வேண்டியவை இவை. சாவடியில் ஆள்மாறாட்டம் மிக அரிது. சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் 2000 முதல் 2014 வரை தேடியதில், 100 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் நம்பத்தக்க நிகழ்வாகக் கிடைத்தவை 31. கிராஃபர்ட் வழக்கின் ஆவணங்களில் இந்தியானாவில் அப்படியொரு மோசடி நடந்ததற்கு ஒரு சான்றும் இல்லை என்று, சட்டத்தை ஏற்றுக்கொண்ட நீதிபதி ஸ்டீவன்ஸே எழுதினார். 2018இல் வட கரோலினாவின் 9ஆவது தொகுதியில் நிஜமாகவே மோசடி நடந்தது, 905 வாக்கு வித்தியாசம் காட்டிய முடிவு ரத்தாகி மறுதேர்தல் வந்தது. ஆனால் அது தபால் வாக்குகளில் நடந்தது. சாவடியில் அட்டை கேட்டிருந்தால் தடுத்திருக்காது.

எதிர்ப்பவர் வாசிக்க வேண்டியவை: 2008 முதல் 2018 வரையிலான தரவை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கான்டோனி, போன்ஸ் ஆகியோர் கடுமையான அடையாளச் சட்டங்களால் மொத்த வாக்குப்பதிவோ எந்த இனத்தவரின் வாக்குப்பதிவோ குறைந்ததாகக் காணவில்லை. 2024 அக்டோபரில் கேலப் எடுத்த கருத்துக்கணிப்பில் 84 சதவீதம் பேர் புகைப்பட அடையாளத்தை ஆதரித்தனர், ஜனநாயகக் கட்சியினரிலும் பெரும்பான்மை அந்தப் பக்கமே. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இந்தச் சட்டத்தை 2011இல் கொண்டுவந்தது ஜனநாயகக் கட்சி ஆளும் சட்டமன்றம்.

இந்த எண்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். 31 என்பது வெளியே தெரிந்தவற்றின் கணக்கு. பிடிபடாதது எத்தனை என்று கேட்க ஆதரவாளருக்கு உரிமை உண்டு. அதேபோல வாக்குப்பதிவு சராசரி குறையவில்லை என்பதால் யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை என்று ஆகாது. டெக்சாஸின் 2011 சட்டம் பற்றிய வழக்கில், பதிவு செய்த வாக்காளர்களில் 6,08,470 பேரிடம் ஏற்கத்தக்க அட்டை இல்லை என்று விசாரணை நீதிமன்றம் கண்டறிந்தது. கான்சஸ், டென்னசி மாநிலங்களில் வாக்குப்பதிவு ஏறக்குறைய 2 முதல் 3 புள்ளி குறைந்ததாக 2014இல் மத்திய அரசின் தணிக்கை அலுவலகமும் சொன்னது. எனவே ஓர் ஆய்வை மட்டும் வைத்து "நிரூபணமாகிவிட்டது" என்று பேசுபவரை நடுவர் நிறுத்த வேண்டும்.

உள்நோக்கத்தைப் பேசலாமா?

"நீங்கள் இனவெறியர்", "நீங்கள் திருட்டு ஓட்டை நம்பி இருக்கிறீர்கள்" போன்ற பேச்சை எதிரில் இருப்பவர்மீது வீசக் கூடாது என்று முதலிலேயே விதி போடுங்கள். ஆனால் வரலாற்றைப் பேசுவதைத் தடுக்கக் கூடாது. வட கரோலினாவின் 2013 சட்டத்தை 2016இல் ரத்து செய்த மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டமன்றம் எந்த இனத்தவர் எந்த முறையில் ஓட்டுப் போடுகிறார்கள் என்ற தரவைக் கேட்டு வாங்கிய பிறகே விதிகளை எழுதியது என்று பதிவு செய்தது. கறுப்பினத்தவரைக் குறிவைத்ததில் அறுவைச் சிகிச்சைக்குரிய துல்லியம் இருந்ததாகவும் சொன்னது. இது யாரோ மேடையில் வீசிய குற்றச்சாட்டு கிடையாது, தீர்ப்பில் உள்ளது. தீர்ப்பைக் காட்டிப் பேசுபவருக்கு முழு நேரமும் கொடுங்கள்.

நம்மவர் கூட்டத்தில் கட்டாயம் எழும் வாதம் ஒன்று: "இந்தியாவிலேயே வாக்காளர் அட்டை இருக்கிறதே!" 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையும் இந்தியாவை எடுத்துக்காட்டித்தான் தொடங்குகிறது. பதில் சொல்பவர் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். இந்தியாவில் தேர்தல் ஆணையமே வாக்காளர் அட்டையைக் கொடுக்கிறது, அது இல்லாவிட்டால் மாற்று ஆவணங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டை கிடையாது, பட்டியலில் சேர்வது பெரும்பாலும் அவரவர் வேலை. ஒப்பிட விரும்பினால் அட்டையோடு அதைக் கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

நடுச் சுற்று: மேசைக்கு முன்னால் நிற்கும் ஆள்

விவாதத்தின் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஓர் ஆளைக் கற்பனை செய்து சொல்லுங்கள்: பட்டியலில் பெயர் இருக்கிறது, உரிமம் தொலைந்துவிட்டது, மாலை 5 மணிக்கு வேலை முடிந்து சாவடிக்கு வந்திருக்கிறார். ஒவ்வொரு மாநிலத்திலும் அடுத்து என்ன நடக்கும் என்று பேச்சாளர்கள் சொல்ல வேண்டும்.

இந்தியானாவில் அவருக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு கொடுப்பார்கள். அது உறைக்குள் தனியாக இருக்கும். 10 நாளுக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து அடையாளம் காட்டினால்தான் எண்ணப்படும். ஜார்ஜியாவில் அந்தக் கெடு 3 நாள். டெக்சாஸில் 2017 சட்டப்படி காரணம் குறிப்பிடும் படிவம் ஒன்று இருக்கிறது: போக்குவரத்து இல்லை, நோய் அல்லது உடல்குறை, வேலை நேரம், குடும்பப் பொறுப்பு, அட்டை தொலைந்தது அல்லது திருடுபோனது, விண்ணப்பித்தும் இன்னும் வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒரு கட்டத்தில் குறியிட்டு, மின்கட்டண ரசீது போன்ற ஓர் ஆவணத்தைக் காட்டினால் வழக்கமான ஓட்டே போடலாம். மிச்சிகனில் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதும். ரோட் ஐலண்டில் தற்காலிக வாக்குத்தான், ஆனால் திரும்பி வரத் தேவையில்லை. பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போனால் எண்ணிவிடுவார்கள்.

ஐந்தும் "அடையாளச் சட்டம் உள்ள மாநிலங்கள்" என்ற ஒரே பெயரில் வருகின்றன. ஒருவர் இன்னொரு நாள் சம்பளத்தை இழந்து அலுவலகத்துக்கு வர வேண்டியிருப்பதற்கும் அங்கேயே கையெழுத்திட்டு முடித்துவிடுவதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை இந்தச் சுற்றுதான் கேட்பவருக்குக் காட்டும்.

அட்டை இலவசமா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஓட்டுக்குக் கட்டணம் வாங்குவதை அரசியல் சட்டத்தின் 24ஆவது திருத்தமும் (1964) உச்ச நீதிமன்றத்தின் ஹார்ப்பர் தீர்ப்பும் (1966) தடை செய்துவிட்டதால் அட்டையை இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள். அதை வாங்கத் தேவைப்படும் ஆவணங்களுக்குத்தான் செலவு. அலுவலகம் எத்தனை மைல், வாரத்தில் எந்த நாள் திறக்கிறது, திருமணத்தில் பெயர் மாறியவர் என்ன காட்ட வேண்டும் என்று கேளுங்கள். குடியுரிமைச் சான்று பற்றிய விவாதமானால், குடியேறிக் குடியுரிமை பெற்றவர் சான்றிதழைத் தொலைத்துவிட்டு மறுபிரதி வாங்க 500 டாலருக்கு மேல் ஆகும் என்பதையும் சேருங்கள். அமெரிக்கத் தமிழர் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். கான்சஸில் குடியுரிமைச் சான்று விதியால் 31,000க்கும் மேற்பட்டோரின் பதிவு நின்றுபோனது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதியை ஏற்கவில்லை.

சமரசச் சுற்று: 40 நிமிடம்

பட்டிமன்றம்போல நடுவர் தீர்ப்புச் சொல்லி முடித்தால் இங்கே பயனில்லை. இரு தரப்பும் சேர்ந்து ஒரு வரைவை எழுத வேண்டும். முதல் 5 நிமிடத்தில் ஒவ்வொரு தரப்பும் தாளில் விட்டுக்கொடுக்கக்கூடிய மூன்றையும் விடவே முடியாத ஒன்றையும் எழுதட்டும். ஒன்றுக்கு மேல் "விடவே முடியாது" எழுதும் தரப்பிடம் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

வரைவில் இருக்க வேண்டியவை: ஏற்கப்படும் ஆவணங்கள், அட்டைக்கும் அடிப்படைச் சான்றுக்கும் யார் செலவு, அட்டை இல்லாதவருக்கு வழி, திருத்திக்கொள்ளும் கெடு, தொடங்கும் ஆண்டு. ஆவணப் பட்டியலில் தகராறு வரும். டெக்சாஸ் துப்பாக்கி உரிமத்தை ஏற்று மாணவர் அட்டையை மறுத்தது ஏன் என்று கேட்பார்கள். ஆவணத்துக்கு ஒரு தகுதியை எழுதிவிட்டு, அதில் தேறுவதையெல்லாம் ஏற்பதே தப்பிக்கும் வழி. தொடக்க ஆண்டில் அவசரம் வேண்டாம். ரோட் ஐலண்ட் 2012இல் புகைப்படமில்லா ஆவணங்களையும் ஏற்று, 2014இல்தான் புகைப்படம் கேட்டது.

சமரசம் ஏன் உடைகிறது என்பதற்கு 2021 நல்ல பாடம். மேற்கு விர்ஜீனியாவின் அன்றைய ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சின், மின்கட்டண ரசீது போன்ற மாற்று ஆவணங்களை ஏற்கும் அடையாள விதியை முன்வைத்தார். பதிலுக்கு 15 நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவு, தேர்தல் நாளுக்கு விடுமுறை, தானியங்கிப் பதிவு, கட்சி ஆதாயத்துக்குத் தொகுதி வரைவதற்குத் தடை எல்லாம் கேட்டார். ஜார்ஜியாவின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஸ்டேசி ஆப்ராம்ஸ் ஏற்றுக்கொண்டார், செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் நிராகரித்தார். 60 வாக்கு தேவைப்பட்ட செனட்டில் அக்டோபரில் கிடைத்தது 49. தொகுதி வரைவை அதே மூட்டையில் கட்டியதுதான் அதன் பலவீனம் என்பது எங்கள் கணிப்பு. குடியரசுக் கட்சிக்கு அடையாள விதியால் கிடைத்ததைவிட அதில் இழப்பது அதிகம். மறுபக்கத்திலும் இதே தவறு நடக்கும். 2025 நவம்பரில் மெயின் மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்பில் அடையாள விதியோடு தபால் ஓட்டுக் கட்டுப்பாடுகளையும் சேர்த்துக் கேட்டார்கள், மக்கள் நிராகரித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் விஸ்கான்சினில் அடையாள விதியை மட்டும் தனியாகக் கேட்டபோது எளிதில் நிறைவேறியது. அதே நாளில் அதே வாக்காளர்கள் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் தாராளவாதத் தரப்பு ஆதரித்த நீதிபதியை 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கவும் வைத்தார்கள்.

கென்டக்கியையும் முன்மாதிரியாக வையுங்கள். 2020இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பெஷியரின் மறுப்பாணையை மீறி அடையாளச் சட்டம் வந்தது. அதில் காரணம் சொல்லிக் கையெழுத்திடும் வழி இருந்தது. மறு ஆண்டே குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் 3 நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவையும், தபால் உறையில் கையெழுத்துப் பிழையைத் திருத்தும் வாய்ப்பையும் நிறைவேற்ற, அதே ஆளுநர் கையெழுத்திட்டார்.

வரைவு நடுவில் நின்றுபோனால், அட்டை இல்லாதவருக்கான வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதரவாளரிடம், அந்தக் கையெழுத்தைத் தேர்தலுக்குப் பிறகு எப்படிச் சரிபார்த்தால் ஒப்புவீர்கள் என்று கேளுங்கள். எதிர்ப்பவரிடம், பொய்க் கையெழுத்துக்கு என்ன தண்டனையை ஏற்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பதிலையும் ஒரே வாக்கியமாக எழுதி, இரு தரப்புக்கும் பிரதி கொடுத்துவிட்டு, மற்ற வரிகளை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவையுங்கள்.