சங்கராபரணத்தின் புள்ளி

கார் ஓட்டும்போது அப்பா பின் சீட்டிலிருந்து "இது என்ன ராகம், சொல்லு" என்பார். நான் நாலு விநாடி யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு "காம்போதி" என்பேன். ஸ்டீரியோ திரையில் பாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே ராகமும் ஓடிக்கொண்டிருக்கும். பின் சீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. இரண்டு வருஷம் இப்படியே ஞானஸ்தனாக வண்டி ஓட்டினேன்.

அந்த பென் டிரைவை நண்பன் ஒருவன் தயாரித்துக் கொடுத்திருந்தான். அது பழுதானதும் நானே களத்தில் இறங்கினேன். அப்பா வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்த கச்சேரிகள், நான் ஃப்ளாக் (ஒலித் தரம் குறையாத வடிவம்) கோப்புகளாக மாற்றி வைத்தவை, மொத்தம் 412. ஏதோ ஒரு இலவச மென்பொருளில் அத்தனையையும் கொட்டி, ஒரே மூச்சில் எம்பி3 ஆக்கினேன். மறுநாள் திரையில் "டிராக் 07" என்று மட்டும் வந்தது. அப்பா வழக்கம்போலக் கேட்டார். "கல்யாணி" என்றேன். அது தோடி. செங்கல்பட்டு தாண்டும்வரை காரில் யாரும் பேசவில்லை.

பிறகு தோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அந்த மென்பொருள் ஃப்ளாக்கை முதலில் சுருக்கப்படாத வேவ் கோப்பாக விரித்து, அதிலிருந்து எம்பி3 செய்கிறது. வேவ் கோப்பிலும் டேக், அதாவது தலைப்பு, கலைஞர் போன்ற விவரங்களை, வைக்க இடம் உண்டு. ஆனால் பல மென்பொருள்கள் அதில் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. ஒலி பத்திரமாக வந்து சேர்ந்தது, பெயர்கள் நடுவழியில் இறங்கிவிட்டன. அதனால் முதல் விஷயம் இது: வேவ் வழியாகப் போகாதீர்கள், ஃப்ளாக்கிலிருந்து நேராக எம்பி3க்குப் போங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு வடிவத்துக்கும் டேக் எழுதும் முறை வேறு. ஃப்ளாக்கும், ஓக் என்ற இன்னொரு ஒலி வடிவமும் வோர்பிஸ் கமென்ட் என்ற முறையில் எழுதுகின்றன. எழுத்து எப்போதும் யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழிக்கும் இடம் தரும் குறியாக்கம்). ஒவ்வொரு விவரமும் ஒரு புலம், அதற்கு ஆங்கில எழுத்தில் நாம் வைப்பதுதான் பெயர். ராகம், தாளம் என்று இஷ்டத்துக்குப் புலங்கள் சேர்க்கலாம். எம்பி3யில் ஐடி3 என்ற முறை. எம்4ஏவில் ஆப்பிள் பாணிப் பெட்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் வேலை செய்கிறது. தெரியாத வார்த்தை வந்தால் சில மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்வார்களோ, அதையே இதுவும் செய்கிறது: சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

நான் இப்போது பயன்படுத்துவது ஃபூபார்2000 என்ற மென்பொருள். எம்பி3 செய்ய அதற்கான இலவச என்கோடர் தொகுப்பையும் தனியாக நிறுவ வேண்டும். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், கன்வெர்ட், மூன்று புள்ளி. அமைப்புத் திரையில் 'டிரான்ஸ்ஃபர் மெட்டாடேட்டா', 'டிரான்ஸ்ஃபர் அட்டாச்டு பிக்சர்ஸ்' என்ற இரண்டும் டிக் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது பெயர்களுக்கு, இரண்டாவது அட்டைப் படத்துக்கு. நாமே வைத்த ராகப் புலத்தையும் அது எம்பி3யின் 'பயனர் உரை' புலமாக மாற்றிக் கொண்டுபோகிறது.

ஆனால் போய்ச் சேர்ந்ததும் அது திரையில் தெரிய வேண்டுமே! என் கார் ஸ்டீரியோ தலைப்பு, கலைஞர், ஆல்பம், இந்த மூன்றைத் தவிர எதையும் காட்டாது. அதனால் எம்பி3 பிரதியில் மட்டும் ராகத்தைத் தலைப்போடு ஒட்டிவிடுகிறேன். எம்பி3டேக் என்ற மென்பொருளில் கன்வெர்ட் பட்டியலில் 'டேக் - டேக்' இருக்கிறது. தலைப்புப் புலத்துக்குப் பழைய தலைப்பு, ஒரு கோடு, ராகம் என்று வடிவம் கொடுத்தால் 412க்கும் ஒரே தட்டில் முடிந்துவிடும். மூலக் கோப்பில் இதைச் செய்யாதீர்கள். அங்கே ராகம் தன் புலத்திலேயே இருக்கட்டும்.

கலைஞர் புலத்தில் இன்னொரு வம்பு. ஃப்ளாக்கில் பாடகர், வயலின், மிருதங்கம் என்று மூன்று கலைஞர் புலங்களை அடுத்தடுத்து வைக்கலாம். ஐடி3யின் 2.3 பதிப்பில் அவை சாய்கோடு போட்டு ஒரே வரியாகிவிடும், சில மென்பொருள்கள் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். மிருதங்கக்காரருக்குப் பழைய நோட்டீஸில் நேர்ந்ததுதான் இங்கேயும். பிரதியில் பாடகரை மட்டும் கலைஞராக வைத்து, பக்கவாத்தியத்தைக் குறிப்புப் புலத்துக்கு மாற்றிவிடுவேன். தேதியும் அப்படித்தான். 2.3இல் வருஷம் ஒரு புலம், நாளும் மாதமும் இன்னொரு புலம். 1974-12-28 என்று எழுதியது 1974 ஆக மட்டும் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இனி தமிழ் எழுத்து. எம்பி3டேக்கின் ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக் என்று போனால் எழுதும் முறையைக் கேட்கும். 'ஐடி3வி2.3 யுடிஎஃப்-16' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2.4 புதியது, யுடிஎஃப்-8 தெரிந்தது என்றாலும் பழைய கார் ஸ்டீரியோக்கள் அதைக் கண்டால் முழிக்கும். ஐஎஸ்ஓ-8859-1 பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அது மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கானது, தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்படும். கேள்விக்குறி ஆனதைத் திருப்பி எடுக்க முடியாது. வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் தலையில் கோடு போட்ட ஏயும் மாறி மாறி வந்தால் பதற வேண்டாம். பைட்டுகள் சரியாகத்தான் இருக்கின்றன, படிக்கிறவர் தப்பாகப் படிக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு கோப்பில் ராகத்தையே தலைப்பாக வைத்திருந்தேன். திரையில் 'சங்கராபரணம' என்று வந்தது. கடைசிப் புள்ளியைக் காணோம். ஏதோ என் தட்டச்சுப் பிழை என்று மூன்று தடவை திருத்தினேன். காரணம் ஐடி3யின் முதல் பதிப்பு. கோப்பின் வாலில் 128 பைட், அதில் தலைப்புக்கு 30. சில மென்பொருள்கள் யுடிஎஃப்-8 தமிழையும் அதற்குள் திணிக்கும். தமிழில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குக் காலும் கொம்பும் தனிக் குறிகள், குறிக்கு 3 பைட். சங்கராபரணத்துக்கு 11 குறி, 33 பைட். பத்தாவது குறியோடு இடம் தீர்ந்தது, புள்ளி வெளியே நின்றுவிட்டது. காம்போதிக்கு 24 பைட்தான், அது தப்பித்தது. என் ஸ்டீரியோ முதலில் அந்த வாலைத்தான் படிக்கிறது போலிருக்கிறது. எம்பி3டேக்கில் ஐடி3வி1ஐ நீக்கச் சொல்லி மறுபடி சேமித்ததும் புள்ளி திரும்பி வந்தது.

மொத்தத்தையும் மாற்றுவதற்கு முன் மூன்றே கோப்புகளை எடுத்து ஓட்டிப் பாருங்கள்: நீளமான தமிழ்த் தலைப்பு உள்ளது ஒன்று, பல கலைஞர்கள் உள்ளது ஒன்று, அட்டைப் படம் உள்ளது ஒன்று. கணினியில் பார்த்தால் போதாது, காரில் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் அது டேக்கின் குற்றமல்ல, ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை. பிரதியில் ஆங்கில எழுத்தில் போடுவதைத் தவிர வழியில்லை.

என்னைப்போல் ஏற்கெனவே தொலைத்துவிட்டீர்களா? மூலம் இருந்தால் மறுபடி மாற்றக்கூட வேண்டாம். எம்பி3டேக்கில் ஃப்ளாக் ஃபோல்டரைத் திறந்து, கோப்புப் பெயர் வரிசையில் அடுக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-சி. அப்புறம் எம்பி3 ஃபோல்டரைத் திறந்து, அதே வரிசை, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-வி. டேக்குகள் வரிசைப்படி போய் உட்காரும். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றா என்று மட்டும் முன்பே பாருங்கள். ஒரு கோப்பு குறைந்தாலும் அதற்கப்புறம் வருவதெல்லாம் ஒரு படி நகர்ந்து, தோடி இருக்க வேண்டிய இடத்தில் கல்யாணி போய் உட்கார்ந்துவிடும்.

போன வாரம் திண்டிவனம் போனபோது அப்பா மறுபடி கேட்டார். "சங்கராபரணம்" என்றேன். "திரையைப் பார்க்காமல் சொல்லு" என்றார்.