துபாயில் கார்பெண்டரி லைசன்ஸ்: ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயில் பல வருடம் யாரோ ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் பலகை அறுத்துவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி போடக் கிளம்பும் கார்பெண்டர்கள், ஆள் மாறினாலும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தொழில் தெரியாததால் அல்ல. லைசன்ஸ் எடுத்துத் தரும் ஏஜெண்ட் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்கள். அவர் கேட்காமல் விட்டதை இவர்களும் கேட்பதில்லை. போட்டோ அளவு தப்பு, பாஸ்போர்ட் முடியப்போகிறது போன்ற சில்லறை விஷயங்களை, அரசு ஃபாரம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர்க்காரரே திருத்திவிடுவார். அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃப்ரீ ஸோன் லைசன்ஸ் எடுப்பது

எத்தனை பேருக்கு எச்சரித்தாலும் அடுத்த வாரம் இன்னொருவர் இதே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஃப்ரீ ஸோன் என்பது தனி விதிகளோடு இயங்கும் தொழில் வளாகம். அதற்கு வெளியே உள்ள மற்ற ஊரெல்லாம் மெயின்லேண்ட்.

ஆறாயிரம் திர்ஹத்துக்கும் குறைவாக லைசன்ஸ், ஆபீஸ் வேண்டாம், இஜாரி (அரசிடம் பதிந்த வாடகை ஒப்பந்தம்) வேண்டாம், முழுக்க உங்கள் பெயரிலேயே என்று விளம்பரம் வரும். போன் போட்டால் தமிழிலேயே பேசுவார்கள். “அண்ணே, மெயின்லேண்ட் எடுத்தா லோக்கல்காரருக்கு 51 பர்சன்ட் எழுதிக் குடுக்கணும், தேவையா?” என்பார்கள். அந்தக் கதை பழசு. 2021 ஜூன் 1 முதல் பெரும்பாலான மெயின்லேண்ட் தொழில்களை வெளிநாட்டவரே நூறு சதவீதம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் துபாய் பொருளாதார, சுற்றுலாத் துறையிலேயே நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாம். ஏஜெண்டுக்கும் இது தெரியும். ஆனால் ஒவ்வொரு லைசன்ஸுக்கும் ஃப்ரீ ஸோன்காரர்கள் கமிஷன் தருகிறார்கள். மெயின்லேண்டில் அவருக்குக் கிடைப்பது சர்வீஸ் சார்ஜ் மட்டும். இனி அவர் எதைச் சிபாரிசு செய்வார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஃப்ரீ ஸோன் சரி. கார்பெண்டரின் வேலை நடப்பது வாடிக்கையாளரின் ஃபிளாட்டில், கடையில், வில்லாவில். அவை எல்லாம் மெயின்லேண்ட், அல்லது தனி அனுமதி கேட்கும் குடியிருப்புப் பகுதி. ஃப்ரீ ஸோன் கம்பெனி தன் ஸோன் எல்லைக்கு வெளியே போய் சைட் வேலை எடுக்க அந்த லைசன்ஸ் போதாது.

வழக்கமாக நடப்பது இதுதான். மெரினா பக்கம் ஒரு டவரில் மூன்று பெட்ரூம் ஃபிளாட்டுக்கு வார்ட்ரோப் ஆர்டர் கிடைக்கும். பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கி, 2440க்கு 1220 மில்லிமீட்டர் அளவில் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) ஷீட்டுகள் எடுத்து, வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் அறுத்து, ஓரங்களில் எட்ஜ் பட்டை ஒட்டி, பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். டவர் வாசலில் செக்யூரிட்டி ‘ஒர்க் பெர்மிட் எங்கே?’ என்பான். பெர்மிட்டுக்கு பில்டிங் மேனேஜ்மெண்ட் கேட்பவை: வேலைக்குப் பொருந்தும் ஆக்டிவிட்டி (லைசன்ஸில் எழுதிய தொழில் வகை) உள்ள டிரேட் லைசன்ஸ், ஆட்களின் எமிரேட்ஸ் ஐடி, மூன்றாம் நபர் பொறுப்பு இன்சூரன்ஸ், வேலையாட்கள் நஷ்டஈட்டு இன்சூரன்ஸ், ஓனரின் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), பல இடங்களில் திருப்பித் தரக்கூடிய டெபாசிட் செக். சுவரை இடிப்பது, பார்ட்டிஷன் மாற்றுவது என்று போனால் இடத்தைப் பொறுத்து முனிசிபாலிட்டி, டிராக்கீஸ், டி.டி.ஏ. என்று இன்னொரு அலுவலகத்தின் அனுமதியும் சேரும். ஃப்ரீ ஸோன் ‘ஃபர்னிச்சர் டிரேடிங்’ லைசன்ஸை நீட்டினால் முதல் வரியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுத்த பலகையை வேறு வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. அளவு அந்த ஃபிளாட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அப்புறம் தெரிந்தவரின் மெயின்லேண்ட் லைசன்ஸை வாடகைக்கு வாங்கி பெர்மிட் போடுவார்கள். பில் அவர் பெயரில், பணம் அவர் அக்கவுண்டில், ஆட்கள் வேறொருவர் விசாவில். பணம் வராமல் நின்றுவிட்டால் வழக்குப் போட உங்கள் பெயரில் ஒரு காகிதம்கூட இருக்காது.

சரி, ஃப்ரீ ஸோனை மெயின்லேண்டாக மாற்றிக்கொள்ளலாமே என்றால், ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியம் அல்ல. நடைமுறையில் பெரும்பாலும் புதுக் கம்பெனி போடுவது மாதிரிதான்: புது லைசன்ஸ், புது எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு (ஆட்களுக்கு விசா எடுக்கக் கம்பெனிக்குத் தரும் அட்டை), பழைய விசாக்களை கேன்சல் செய்து ஒவ்வொருவருக்கும் மறுபடி மெடிக்கல், மறுபடி எமிரேட்ஸ் ஐடி, மறுபடி பேங்க் அக்கவுண்ட். இதில் பேங்க்தான் ஆளைச் சோதிக்கும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் இங்கேயே கரைந்து, மேலே கைக்காசும் போகும்.

ஏஜெண்டுகளிடம் இப்போது புது வசனம் ஒன்றும் இருக்கிறது. 2025இல் துபாய் நிர்வாக மன்றத்தின் 11ஆம் எண் தீர்மானம், துபாய் ஃப்ரீ ஸோன் கம்பெனிகள் தனி அனுமதி வாங்கி மெயின்லேண்டில் தொழில் செய்ய வழி திறந்தது. ஆறு மாத அனுமதிக்கு 5,000 திர்ஹம். ஆனால் தொடக்கத்தில் அது டெக்னாலஜி, கன்சல்டன்சி, டிசைன், டிரேடிங் போன்ற, தனி ஒழுங்குமுறை அனுமதி தேவைப்படாத தொழில்களுக்குத்தான். மலிவு விளம்பரம் வருவதோ பெரும்பாலும் வேறு எமிரேட் ஃப்ரீ ஸோன்களிலிருந்து. அவற்றுக்கு இந்த வழியே கிடையாது. ‘பிறகு பெர்மிட் எடுத்துக்கலாம்’ என்றால், உங்கள் ஆக்டிவிட்டியின் பெயரைப் போட்டு அதை ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

ஆக்டிவிட்டியை ஏஜெண்ட் தேர்ந்தெடுக்க விடுவது

செய்யப்போகும் வேலை மூன்றில் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபர்னிச்சர் வாங்கி விற்பது டிரேடிங். சைட்டில் போய்க் கதவு, வார்ட்ரோப், மரத்தளம் பொருத்துவது கார்பெண்டரி அண்ட் வுட் ஃப்ளோரிங் வொர்க்ஸ். மெஷின் போட்டு உற்பத்தி செய்வது தனி. இடம், சிவில் டிஃபென்ஸ் (தீ பாதுகாப்புத் துறை) ஒப்புதல் என்று அதன் பட்டியலே வேறு.

கையில் முதல் குறைவாக இருந்தால் இரண்டாவதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஒரு சின்ன ஆபீஸ் இஜாரி போதும். கட்டிங்கையும் எட்ஜ் பேண்டிங்கையும் அல் கூஸ், ராஸ் அல் கோர் பக்கத்தில் வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம். மாதம் முழுக்க வேலை இருக்கும் என்று உறுதியான பிறகு மெஷின் வாங்கினால் போதும்.

கூடவே ஒன்று. கிச்சன் எடுத்தால் பழையதைக் கழற்றும்போது டைல்ஸ் உடையும், சிங்க் லைன் மாறும், ஹாபுக்குக் (மேடையில் பதித்த அடுப்பு) கரண்ட் பாயிண்ட் நகரும், கடைசியில் பெயின்ட் அடிக்க வேண்டி வரும். டைல்ஸ், பெயின்டிங், ஃபால்ஸ் சீலிங் மற்றும் பார்ட்டிஷன், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் ஃபிட்டிங் எல்லாம் டெக்னிக்கல் சர்வீசஸ் குடும்பத்தில் வரும் தனித்தனி ஆக்டிவிட்டிகள். தொடக்கத்திலேயே சேர்த்தால் ஒரே பேப்பர் வேலை. பிறகு சேர்த்தால் லைசன்ஸ் திருத்தம், அதற்கு வேறு கட்டணம். ஆசைக்குப் பத்தையும் சேர்க்காதீர்கள். சிலவற்றுக்கு வேறு துறையின் ஒப்புதல் தேவைப்படும். அது வரும்வரை மொத்த லைசன்ஸும் நிற்கும்.

குடோனைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

ஒர்க்‌ஷாப் வைத்தே தீருவேன் என்பவர்கள் வாடகையை மட்டும் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது மின்சார லோடு. பேனல் சா 5.5 கிலோவாட், சாதாரண எட்ஜ் பேண்டர் 8, கம்ப்ரசர் 5.5, டஸ்ட் கலெக்டர் 4 என்று வைத்தாலே 23 கிலோவாட். லைட்டும் ஏசியும் அதற்கு மேல். அந்த யூனிட்டுக்குத் தேவா (துபாயின் மின்சார, குடிநீர் வாரியம்) கொடுத்திருக்கும் லோடு எவ்வளவு, த்ரீ ஃபேஸ் இருக்கிறதா என்பதை ஓனரிடம் எழுத்தில் வாங்குங்கள். சி.என்.சி. ரவுட்டர் (கம்ப்யூட்டரில் இயங்கி மரம் வெட்டும் மெஷின்) பின்னால் வரும் என்றால் அதன் வேக்யூம் பம்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது, அந்த யூனிட் எதற்கு அனுமதிக்கப்பட்டது என்பது. ஸ்டோரேஜுக்கு என்று இருக்கும் குடோனில் மரத்தூளும் தின்னரும் சேரும் தொழிலுக்குச் சிவில் டிஃபென்ஸ் சம்மதிக்காது. முன்பு இருந்தவர் அனுமதியில்லாமல் போட்ட மெஸனைன் (இடைமாடி) தளம் இருந்தால் அதைப் பிரிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். மூன்றாவது, பெரிய குடோனில் பாதியைத் தடுத்து உள்வாடகைக்குக் கொடுப்பவர்கள். அசல் ஓனர் ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்கள் பெயரில் இஜாரி பதிவாகாது. இஜாரி இல்லாமல் லைசன்ஸ் நகராது. நீங்கள் கொடுத்த செக் மட்டும் அதனதன் தேதிக்கு பேங்குக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் இனிஷியல் அப்ரூவலும் டிரேட் நேமும், பிறகு அந்த ஆக்டிவிட்டிக்கு அந்த யூனிட் செல்லுமா என்ற விசாரணை, அதன் பிறகே வாடகை செக்.

ஓ.டி.பி. ஏஜெண்ட் போனுக்குப் போவது

ஃபாரம் நிரப்பும்போது ‘எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கறோம்’ என்று ஏஜெண்ட் தன் நம்பரையும் ஈமெயிலையும் போட்டுவிடுவார். வசதியாகத்தான் இருக்கும், முதல் வருடம். பிறகு அபராத அறிவிப்பு, புதுப்பிக்கும் நினைவூட்டல், வரிக் கணக்கின் பாஸ்வேர்ட் எல்லாம் அவரிடம் போகும். அவர் வேலை மாறினாலோ உங்களோடு சண்டை வந்தாலோ உங்கள் கம்பெனிக்குள் நீங்களே நுழைய முடியாது. யு.ஏ.ஈ. பாஸ் (அரசுச் சேவைகளுக்கான அடையாள ஆப்) உங்கள் போனில், லைசன்ஸில் உங்கள் நம்பர், எமாரா டாக்ஸ் என்ற வரித்துறைத் தளத்தில் உங்கள் ஈமெயில் இருக்க வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி கொடுப்பதானால் எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்று வரையறுத்துக் கொடுங்கள். பேங்க் அதில் வரவே கூடாது.

ஒரே தொகையில் கொட்டேஷன் வாங்குவது

அரசுக் கட்டணம் தனி, சர்வீஸ் சார்ஜ் தனி. கொட்டேஷனில் அரசுக் கட்டணம் என்று போட்ட எந்த அயிட்டத்துக்கும் அரசு ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பெயர்

கம்பெனிக்கு வைக்கும் பெயரில் சாமி பெயர் வேண்டாம், சுருக்கெழுத்து வேண்டாம். சொந்தப் பெயரை வைத்தால் முழுப் பெயராக இருக்க வேண்டும்.

விசிட் விசா ஆளை வைத்து வேலை

ஒரு நாள்கூடக் கூடாது. 2024இல் திருத்திய தொழிலாளர் சட்டப்படி அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்தால் அபராதம் ஒரு லட்சம் திர்ஹத்தில் தொடங்கி பத்து லட்சம் வரை போகும். வேறு கம்பெனி விசாவில் இருக்கும் நண்பரை லீவு நாளில் மட்டும் கூப்பிடுவதும் பகுதிநேர அனுமதி இல்லாவிட்டால் இதே கணக்குதான்.

வரி நம்மைத் தொடாது என்று நினைப்பது

எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி) என்றால் லாபமே இல்லாவிட்டாலும் கார்ப்பரேட் டாக்ஸில் பதிய வேண்டும். கம்பெனி தொடங்கி மூன்று மாதத்துக்குள். தவறினால் 10,000 திர்ஹம். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு 12 மாத விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டும்போது கட்டாயம். கிச்சன் ஒன்றுக்கு 25,000 என்றால் பதினைந்து கிச்சனிலேயே எல்லையைத் தொட்டுவிடும். லாபத்தைப் பார்த்துக் கணக்கிட்டுவிட்டு ‘இன்னும் வரலையே’ என்று இருப்பவர்கள் அதிகம், எல்லை விற்பனைக்குத்தான். தாமதப் பதிவுக்கும் 10,000.

இஜாரி தேதியையும் லைசன்ஸ் தேதியையும் பொருத்தாமல் விடுவது

லைசன்ஸ் புதுப்பிக்கும் நாளில் இஜாரி உயிரோடு இருக்க வேண்டும். அப்போது நீங்கள் இடம் மாற முடியாது என்பது குடோன்காரருக்கும் தெரியும். வாடகை பேச்சு அதற்கேற்ப நடக்கும். துபாய் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, புதுப்பிக்கும்போது வாடகையையோ நிபந்தனையையோ மாற்ற விரும்புகிறவர் 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிய 120 நாள் இருக்கும்போது அடிக்கும்படி போனில் ஒரு அலாரம் வையுங்கள். 90 நாள் கெடு வருமுன் இன்னும் இரண்டு குடோனைப் போய்ப் பார்த்து வாடகை விசாரித்துவிட்டு அவரிடம் பேச உட்காருங்கள்.