விலை உயர்ந்த மின்னணுக் கருவியில் உற்பத்திக் குறை: வாங்கியவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய தொலைக்காட்சியின் திரையில் மூன்றாம் வாரமே மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்துவிட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால், கடைக்காரரிடம் சத்தம் போட்டு, கட்டணமில்லா எண்ணில் பலமுறை பேசி ஓய்ந்து, கடைசியில் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வாரண்டி முடியும் நாளில் வந்து நிற்பவர்கள் பலர். குறை தயாரிப்பாளருடையது என்றாலும், அதை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. இதை முதல் நாளிலேயே உணராததால்தான் பின்வரும் தவறுகள் நேர்கின்றன.

விலை கூடினால் குறை இருக்காது என்று நம்புவது அவற்றுள் முதலாவது. சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 கைபேசி 2016 ஆகஸ்டில் உயர்விலைப் பிரிவில்தான் சந்தைக்கு வந்தது. பேட்டரிகள் தீப்பிடித்ததால் அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. மாற்றாகக் கொடுத்த கைபேசிகளும் தீப்பிடிக்கவே அக்டோபரில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2017 ஜனவரியில் வெளியிடப்பட்ட ஆய்வு முடிவின்படி, இரண்டு நிறுவனங்கள் தயாரித்த பேட்டரிகளில் இரண்டு வெவ்வேறு குறைகள் இருந்தன: ஒன்றில் மூலைப் பகுதியில் எதிர்மின்வாய் வளைந்திருந்தது, மற்றொன்றில் பற்றவைப்பின்போது எஞ்சிய கூரான உலோகப் பிசிறுகள் உள்ளே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படக் காரணமாயின. ஆகவே, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுவதும் தவறே. மாற்றாக வந்த கருவியையும் புதிதாக வாங்கியதைப் போலவே சோதிக்க வேண்டும்.

சோதிப்பது என்றதும், பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கும் நம் வழக்கம் நினைவுக்கு வருகிறது. ஆடித் தள்ளுபடியில் வாங்கிய குளிர்பதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் தை மாதத்துப் புதுமனை புகுவிழாவுக்கென்று கட்டு பிரிக்காமல் ஓர் அறையில் அடுக்கி வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வாரண்டி பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. இணையத்தில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பும் காலம் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். உற்பத்திக் குறையால் வரும் பழுதுகளோ பயன்பாட்டின் தொடக்கக் காலத்தில்தான் அதிகம் தலைகாட்டும், பிறகு குறையும், கருவியின் ஆயுள் முடியும் தறுவாயில் மீண்டும் கூடும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிந்தது. எனவே முதல் இரண்டு வாரங்களில் கருவியைப் பொத்திப் பொத்திப் பயன்படுத்துவதைவிட, அதன் எல்லா வசதிகளையும் இயக்கிப் பார்ப்பதே விவேகம். திரை முழுவதும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே காட்டிப் பார்க்கலாம். எச்டிஎம்ஐ துளைகள் அத்தனையிலும் இணைப்புக் கொடுத்துப் பார்க்கலாம். மடிக்கணினி என்றால் ஒரு விசை விடாமல் தட்டிப் பார்ப்பதில் தவறில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது, அதன் மேலுள்ள சீரியல் எண் தெரியும்படி தொடங்கி, கருவி ஒளிரும் வரை ஒரே காணொளியாக எடுத்து வைப்பது பின்னால் வரும் பல வாதங்களுக்கு முன்கூட்டியே விடையாகும்.

திரைக் குறைகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு பிக்சல்கள் ஒளிராமல் போவதைப் பல நிறுவனங்கள் வாரண்டிக்குள் வரும் குறையாகவே ஏற்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற பன்னாட்டுத் தரமே பிக்சல் குறைகளை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை வரை பொறுக்கலாம் என்று வரையறுக்கிறது. ஆனால் திரையின் முழு உயரத்துக்கும் விழும் கோடு இந்தக் கணக்கில் சேராது. அது பெரும்பாலும் அந்த நெடுவரிசையை இயக்கும் சிப்பிலோ, பேனலின் விளிம்பில் அதை ஒட்டிய இணைப்பிலோ ஏற்படும் கோளாறு. வெளியிலிருந்து அழுத்தம் பட்டாலும் கோடு விழக்கூடும் என்பதால், வந்து பார்க்கும் பணியாளர் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று எழுதிவிட இடமுண்டு. ஆகையால் அவர் வருவதற்கு முன்பே, திரையை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளி அடித்து, கண்ணாடியில் விரிசலோ அடிபட்ட புள்ளியோ இல்லை என்பது தெரியும்படி நான்கு மூலைகளையும் படமெடுத்து வைக்க வேண்டும்.

ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்திடுவது

என் கணிப்பில், இழப்புக்கு மிகப் பெரிய காரணம் இதுதான். சர்வீஸ் சென்டரில் தரும் ஜாப் ஷீட்டில் வழக்கமாக வாடிக்கையாளர் சொன்ன புகாருக்கு ஓர் இடம், பணியாளர் கண்டறிந்ததற்கு ஓர் இடம், செய்த வேலைக்கு ஓர் இடம் இருக்கும். மடிக்கணினி ஒரு மணி நேரம் ஓடியதும் சூடேறித் தானே அணைந்துவிடுகிறது என்று வாடிக்கையாளர் விரிவாகச் சொல்லியிருப்பார். தாளிலோ ‘பவர் பிரச்சினை’ என்று இரண்டே சொற்கள் இருக்கும். பத்து நிமிடம் இயக்கிப் பார்த்துவிட்டுக் கீழே ‘சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது’ என்று எழுதிவிடுவார்கள். இப்படி மூன்று தாள்கள் சேர்ந்துவிட்டால், ஒரே குறை மூன்று முறை திரும்பி வந்ததற்கான சான்றாக இருக்க வேண்டியவை, கருவியில் குறையே இல்லை என்பதற்கான சான்றாக மாறிவிடும். எத்தனை நேரம் ஓடிய பிறகு, எந்தச் செயலியைப் பயன்படுத்தும்போது, எத்தனை நாளுக்கு ஒருமுறை அணைகிறது என்பதைப் புகார்ப் பகுதியிலேயே எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுத்தால் அன்றே நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு ஜாப் ஷீட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிவிட வேண்டும். விட்டுவிட்டு வரும் குறைகளுக்குத் தேதியிட்ட காணொளியைப் போன்ற சாட்சி வேறில்லை. சரிசெய்து திருப்பித் தரும்போதும் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பது தாளில் இருந்தாக வேண்டும், ஏனெனில் ஒரே மதர்போர்டு இரண்டு முறை மாற்றப்பட்டது என்ற பதிவு எத்தனை தொலைபேசி அழைப்புகளையும்விட வலுவானது.

தெருமுனைக் கடையில் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்வது வாரண்டி காலத்தில் வேண்டவே வேண்டாம். ஈரம் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசிகளின் உள்ளே ஈரம் பட்டால் சிவக்கும் ஸ்டிக்கர் இருக்கிறது; அது சிவந்துவிட்டால் உற்பத்திக் குறை என்ற பேச்சுக்கே இடம் தரமாட்டார்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கி வந்த கருவிக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதும் வாங்கும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டியது.

வாரண்டி முடிந்த மறுமாதம் பழுதாகும் கருவிக்குப் பேசாமல் பணம் கட்டிவிடுவதும், அந்த பில்லைத் தூக்கி எறிந்துவிடுவதும் அடுத்த தவறு. ஒரே மாடலில் பலருக்கும் ஒரே குறை வந்தால் நிறுவனங்கள் சில வேளை பிற்பாடு இறங்கி வருவதுண்டு. மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியின் குறிப்பிட்ட வன்பொருள் கோளாறுக்கு வாரண்டியை 3 ஆண்டுகளாக நீட்டித்து, அதற்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஏற்கெனவே கட்டணம் செலுத்தியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தது. ஆப்பிள், பட்டர்ஃபிளை வகை விசைப்பலகை கொண்ட மடிக்கணினிகளுக்கு, வாங்கிய நாளிலிருந்து 4 ஆண்டுகள் வரை அந்த விசைப்பலகையை இலவசமாகச் சரிசெய்யும் திட்டத்தை 2018 ஜூனில் அறிவித்தது. தம் மாடலுக்கு இப்படி ஏதேனும் திட்டம் உண்டா என்று நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

சட்டத்தின் பக்கம் போகும்போது

இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்; பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று காத்திருந்து இந்தக் காலத்தைத் தவறவிடுபவர்கள் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரளிப்பது நல்ல முதற்படிதான் என்றாலும், அது வழக்கு ஆகாது. கடைக்காரரை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துத் தயாரிப்பாளரை விட்டுவிட்டால், உற்பத்திக் குறைக்கு நான் பொறுப்பில்லை என்று அவர் எளிதாகச் சொல்லிவிடுவார்.

உள்ளீட்டு வரிச் சலுகைக்காக (வாங்கும்போது கட்டிய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்காக) நிறுவனப் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பில் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எழுப்ப அது வழி திறந்துவிடுகிறது. சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அதற்காகத்தான் வாங்கினார் என்று அவரே காட்ட வேண்டியிருக்கும்.

வழக்கு வரை போனவர்கள் தோற்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், குறை உற்பத்தியிலேயே இருந்தது என்பதற்கு வல்லுநர் அறிக்கை இல்லை என்பதாகும். சோதனை செய்யாமல் குறையை உறுதிசெய்ய முடியாத நிலையில், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை பெற, வழக்கை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதைக் கேட்டு ஒரு மனுப் போடாமல், ஜாப் ஷீட்டுகளை மட்டும் நம்பி வாதிடுவது ஆபத்தானது. அதுவரை பழுதான கருவியை விற்கவோ பழைய பொருளாக மாற்றிக்கொள்ளவோ கூடாது. இடையில் நிறுவனம் புதிய கருவி தருவதாகச் சமரசத்துக்கு வந்தால், அது புதியதா புதுப்பிக்கப்பட்டதா, வாரண்டி புதிதாகத் தொடங்குமா பழையதன் மீதிதானா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே மனுவைத் திரும்பப் பெற வேண்டும்.