முதலில் உயரம், பிறகுதான் அலைன்மென்ட்

என் வீடு களுவாஞ்சிகுடியில், வயல் வெல்லாவெளிக்கு அப்பால். பட்டிருப்புப் பாலத்தால் மட்டக்களப்பு வாவியைக் கடந்து, அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கினால், கடைசி நான்கு கிலோமீட்டரும் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், போகும் கிறவல் பாதை. உரமும் விதைநெல்லும் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் 1999 ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப்பில்தான் போய் வருகின்றன. இரண்டு வருடங்களில் அந்த வண்டி மூன்று சோடி முன் டயர்களைத் தின்று தீர்த்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கடையில் அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணங்களைத் திருத்துவது) செய்து காசு கொடுத்தேன். ஒருவரும் வண்டியின் முன்பக்க உயரத்தை அளக்கவில்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

இந்த வயது கெப் வண்டிகள் பலவற்றில் முன்பக்கம் சுருள்வில் கிடையாது. சேஸியை ஒட்டி நீளவாக்கில் ஓடும் ஓர் உருக்குக் கம்பியே வில். அதைத்தான் டோர்ஷன் பார் என்கிறோம். சில்லு மேலே ஏறும்போது கம்பி முறுகுகிறது, முறுக்கு மீளும்போது சில்லைக் கீழே தள்ளுகிறது. கம்பியின் பின்முனையைப் பிடித்திருக்கும் கை போன்ற இரும்புத் துண்டில் ஒரு நீண்ட போல்ட் இருக்கும். அதை இறுக்கினால் முன்பக்கம் உயரும், தளர்த்தினால் தாழும். ஹைலக்ஸில், பின்னால் வந்த விகோ என்ற தலைமுறையிலிருந்து முன்னுக்குச் சுருள்வில்தான். அதற்கு இந்த முறை பொருந்தாது.

வருடக்கணக்கில் சுமை தாங்கிய கம்பி மெல்லத் தளரும். முன்னால் கனமான இரும்புக் காவற்சட்டம் பூட்டினால் இன்னும் தாழும். முன்பக்கம் தாழ்ந்தால் சில்லுகளின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயும். அலைன்மென்ட் கடையில் டோவை (சில்லுகளின் முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவை) மட்டும் திருத்தி அனுப்பினால் இந்தச் சாய்வு அப்படியே இருக்கும். என் டயர்கள் போனது அப்படித்தான்.

அளப்பதற்கு முன் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளாகவும், பிறகு உள்ளிருந்து வெளியாகவும் இழுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் உரசினால் அது டோவின் குற்றம். உள்ளே போகும்போது வழுக்கி, வெளியே வரும்போது உரசினால், சில்லுகள் முன்னால் அளவுக்கு மீறி உள்நோக்கி நிற்கின்றன. மாறி இருந்தால் வெளிநோக்கி நிற்கின்றன. உரசல் எதுவுமில்லாமல் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வைச் சந்தேகிக்க வேண்டும். பந்து மூட்டு, புஷ், சில்லு பெயரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும்.

அளப்பதற்குச் சமதளம் வேண்டும். எங்கள் ஊர் நெல் ஆலையின் சீமெந்துக் களத்தைச் சமம் என்று நம்பித்தான் முதலில் அளந்தேன். மழைநீர் வடிவதற்காக அந்தக் களத்தைச் சாய்வாகவே போட்டிருக்கிறார்கள். மேசன்மார் பிடிக்கும் நீர்மட்டக் குழாயை வைத்துப் பார்த்தபோது, முன் சில்லுகள் இரண்டுக்கும் இடையே 12 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. தாழ்ந்த பக்கச் சில்லின் கீழ் மெல்லிய பலகை வைத்துச் சமன் செய்த பிறகு கிடைத்த அளவுகளே உண்மையான அளவுகள். இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் மதிப்பது அந்தக் குழாயைத்தான்.

டயர்களில் கதவு ஓரத் தகட்டில் எழுதிய அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். பெட்டியில் சுமை இருக்கக்கூடாது. முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, சில்லின் நடுமையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை நேர் மேலாக அளவுங்கள். என் வண்டியில் ஓட்டுநர் பக்கமான வலது 476, இடது 485 மில்லிமீட்டர் வந்தன. இரண்டையும் 490 ஆக்க முடிவு செய்தேன். உங்கள் வண்டிக்குக் கையேட்டில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். விபத்தில் மட்காட் நெளிந்து திருத்திய வண்டியானால் அந்த விளிம்பை நம்பாமல், சேஸியின் அடியிலிருந்து தரைக்கும் அளந்து ஒப்பிடுங்கள்.

வாவிக் காற்றின் உப்பு, உயரம் திருத்தும் அந்தப் போல்டை விடாது. முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் மரைகளைத் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெய் விட்டுவைத்தேன். மறுநாள் காலை, செம்மண்ணும் பழைய கிறீசும் சேர்ந்து கட்டியாகி இருந்த பிசினைத் துணியால் துடைத்ததும் மரையின் பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெளியே நீட்டி நிற்கும் மரையின் நீளத்தை இரு பக்கமும் அளந்து எழுதி, நட்டின் மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். ஏதாவது பிழைத்தால் அந்தக் கோட்டைப் பிடித்துப் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, சேஸியின் கீழ் இரும்புத் தாங்கிகளை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் கீழே போகக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. சில்லுகள் தொங்கும்போது கம்பியின் முறுக்கு பெருமளவு குறையும், ஆனால் முற்றாகப் போகாது. அதனால் போல்டை முழுவதும் கழற்ற முனையாதீர்கள். பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிப்படுத்தும் நட்டை ஒரு சுற்று திருப்புங்கள். என் வண்டியில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உயர்ந்தது. வலதுக்கு மூன்று சுற்று, இடதுக்கு ஒன்று.

இறக்கியவுடன் அளக்காதீர்கள். டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு முன்பக்கத்தை உயர்த்தியே வைத்திருக்கும். பத்து மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, அமுக்கி விட்டு, பழைய இடத்திலேயே நிறுத்தி அளவுங்கள். எனக்கு வலது 487, இடது 493 வந்தன. ஒரு பக்கத்தை உயர்த்தும்போது மறுபக்கமும் கொஞ்சம் அசையும் என்பதால் அரைச் சுற்று, கால் சுற்று என்று மாறி மாறித் திருத்த வேண்டும். நான்காவது முறை இரண்டும் 490 இல் நின்றன.

போல்டை இறுக்கினால் வில் பலமாகும் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. வில்லின் வலு கம்பியின் தடிப்பிலும் நீளத்திலும் இருக்கிறது, போல்ட் அது நிற்கும் இடத்தை மட்டுமே மாற்றுகிறது. மிகையாக உயர்த்தினால் சில்லு கீழே இறங்க இடமில்லாமல் சில்லைப் பிடித்திருக்கும் மேல் கை ரப்பர் தடையில் மோதும், வண்டி கல்லைப் போல் குதிக்கும். நான்கு சில்லு இழுவை வண்டியில் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகளும் ரப்பர் உறைகளும் கெடும். வண்டி நிற்கும்போது மேல் கைக்கும் அந்த ரப்பருக்கும் இடையே விரல் நுழையாவிட்டால் உயரம் அதிகம். கம்பியைக் கழற்ற நேர்ந்தால் இடது, வலது என்று குறியிட்டு வையுங்கள். பக்கம் மாற்றிப் பூட்டக்கூடாது.

உயரம் மாறினால் டோவும் மாறும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆசனத்தோடு கயிற்றால் கட்டினேன். முன் சில்லுகளை உயர்த்திச் சுழற்றி, பலகையில் அறைந்த ஆணியின் முனையால் ஒவ்வொரு டயரின் நடுவிலும் சுற்றுக்கோடு கீறினேன். வண்டியை இறக்கி, முன்போலவே ஓட்டி நிறுத்தினேன். முன் டயர்களின் முன்புறத்திலும் பின்புறத்திலும் அந்த இரு கோடுகளுக்கும் இடையே அளக்க, அளவு நாடாவின் ஒரு முனையை மருமகன் பிடித்தான்.

“மாமா, பின்பக்கம் 1464.”

முன்பக்கம் 1470. சில்லுகள் 6 மில்லிமீட்டர் வெளிநோக்கி நின்றன. பொதுவாக இத்தகைய கெப்களுக்கு முன் அளவு பின் அளவை விட 3 மில்லிமீட்டருக்குள் குறைவாக இருக்கும். துல்லியமான எண் கையேட்டில் இருக்கிறது. இரு அளவுகளையும் சில்லு மையத்தின் உயரத்திலேயே எடுங்கள். ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் தண்டான டை ரொட்டின் பூட்டு நட்களைத் தளர்த்தி, இரு பக்கமும் ஒரே அளவுக்குக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினேன். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் நேரே போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். முன்பக்கம் 2 மில்லிமீட்டர் குறைவாக வந்ததும் இறுக்கினேன்.

சில்லு உள்ளே வெளியே சாயும் கேம்பரும், சில்லு திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் காஸ்டரும் வீட்டு வேலை அல்ல. சில வண்டிகளில் கேம் போல்டாலும் சிலவற்றில் ஷிம் தகடுகளாலும் அவற்றைத் திருத்துவார்கள், அதற்கு இயந்திரம் வேண்டும். இப்போதுதான் அலைன்மென்ட் கடைக்குப் போக வேண்டும். உயரம் திருத்தியதைச் சொல்லி, இரு பக்க எண்களையும் தாளில் கேட்டு வாங்குங்கள். இரு பக்கமும் ஒத்திருப்பதையே முதலில் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதாலும் வீதி ஓரம் நோக்கிச் சரிவதாலும் இடதுக்குச் சற்று இழுப்பது வண்டியின் குறை அல்ல.

முன்பக்கம் உயர்ந்ததால் விளக்கொளியும் உயர்ந்து எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். அன்றைக்கே அதையும் தாழ்த்துங்கள். போல்டின் வெளிமரைக்குக் கிறீஸ் பூசி, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அளவுங்கள். எனக்கு வலது 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, டோவையும் மறுபடி பார்த்து, எண்களைத் தாளில் எழுதி டாஷ்போர்டுப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.